நோலீனின் சீட்டு டப்பா

நோலீன் டிராண்டர் நாணயமற்றவர் என்று சொன்ன கடிதத்தின் தேதி 2011 ஏப்ரல் 14, வியாழக்கிழமை. ஊரில் பலர் வெள்ளிக்கிழமை என்பார்கள். அது கடிதம் அவர் கைக்கு வந்த நாள். இரண்டும் ஒன்றல்ல. சிட்னியில் ஓர் அலுவலகத்தில் வியாழனன்றே முடிவு செய்துவிட்டார்கள்; அது தெரியாமல் வெள்ளிக்கிழமை காலை அவர் கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். அந்த ஒரு நாள் வித்தியாசத்தை நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

இந்த விஷயத்தில் எங்கள் ஊர் தல்லவாங்காவில் இப்போது இரண்டு கதைகள் உலவுகின்றன. நோலீன் பெட்ரோல் பங்கில் கையாடல் செய்து பிடிபட்டார் என்பது ஒன்று. வழக்குப் போட்டுக் கம்பெனியைத் தோற்கடித்தார் என்பது இன்னொன்று. இரண்டும் தவறு. நடந்தது என்னவென்று கீழே எழுதுகிறேன்.

அவர் பிறந்தது 1953. அப்பா பண்ணை பண்ணையாகப் போய் ஆட்டு ரோமம் கத்தரித்தவர். நோலீன் பதினேழு வயதில் மெர்வ் ஹோஸ்கினின் பெட்ரோல் பங்கில் வேலைக்குச் சேர்ந்தார். அப்போதெல்லாம் பெட்ரோல் போட வந்தவர் வண்டியை விட்டு இறங்க மாட்டார். நோலீன்தான் ஊற்றுவார், எண்ணெய் மட்டம் பார்ப்பார், கண்ணாடியில் அப்பியிருக்கும் வெட்டுக்கிளிகளைச் சுரண்டி எடுப்பார். முப்பது ஆண்டு அந்த வேலை. ஊரில் எந்த வண்டி எத்தனை லிட்டர் குடிக்கும் என்று வண்டிக்காரரைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

1999 ஆகஸ்டில் சூப்பர் மார்க்கெட் தன் வண்டி நிறுத்துமிடத்திலேயே சொந்தப் பெட்ரோல் பங்கு திறந்தது. மெர்வின் பங்கிலிருந்து அது 240 மீட்டர். கடையில் ஒரே தடவையில் வாங்கும் ஒவ்வொரு முப்பது டாலர் சாமானுக்கும் ரசீதின் அடியில் ஒரு சீட்டு வரும். அதைப் பங்கில் காட்டினால் லிட்டருக்கு நாலு காசு தள்ளுபடி.

மெர்வ் ஒரு நாள் நோலீனிடம் சொன்னார்: "நான் டேங்கர்காரன்கிட்ட வாங்குற விலையவிட அவங்க விக்கிற விலை கம்மியா இருக்கு. பேசாம அங்க போய் வாங்கி இங்க வித்தா எனக்கு லாபம் வரும்போல."

"வாளி எடுத்துட்டு வரவா?" என்றார் நோலீன்.

பத்தொன்பது மாதம் தாக்குப்பிடித்தார்கள். 2001 மார்ச் 31, சனிக்கிழமை, மெர்வ் பம்புகளுக்குப் பூட்டுப் போட்டார். அடுத்த வியாழக்கிழமை சூப்பர் மார்க்கெட்டின் விலைப் பலகை ஒரே தாவலில் ஆறு காசு ஏறியது. காலை ஒன்பது மணிக்கு வானிலைத் துறைக்காக மழைமானி பார்க்கப் போகிற வழியில் தினமும் அந்தப் பலகையைக் குறித்துக்கொள்வது என் வழக்கம். அதற்கு முன்பு அது ஒரு நாளில் மூன்று காசுக்கு மேல் ஏறியதே இல்லை. ஆறு காசை ஏற்றிவிட்டு நாலு காசைத் திருப்பிக் கொடுப்பதற்குத் தள்ளுபடி என்று பெயர் வைத்தார்கள். நாமும் அதை நன்றியோடு வாங்கிக்கொண்டோம்.

நோலீன் அந்தப் பங்கிலேயே கல்லாவுக்கு வேலைக்குப் போனார். எங்கள் கோதுமைப் பண்ணைக்காரி பெவ் க்ரைட்டன், ஊர்ப் பெண்கள் சங்கத்தின் தலைவி, "எதிரி முகாமுக்குப் போயிட்டியாடி?" என்று கேலி செய்தபோது, "பம்பு எங்க இருக்கோ அங்கதான் எனக்குச் சோறு" என்றார்.

சீட்டு டப்பா வந்தது 2002-ல். பண்ணைக்காரர்கள் பதினைந்து நாளுக்கு ஒரு முறை வந்து மலைபோலச் சாமான் வாங்குவார்கள். ஆளுக்கு மூன்று நாலு சீட்டு கிடைக்கும். அவர்களுக்கு அது எதற்கு? டீசல் லாரியில் பண்ணைக்கே வந்துவிடுகிறது. சீட்டுகளைக் கல்லா மேஜையில் போட்டுவிட்டுப் போவார்கள். ஊருக்குள் இருக்கும் ஓய்வூதியக்காரர்களோ அன்றன்றைக்குத் தேவையானதை மட்டும் வாங்குகிறவர்கள். முப்பது டாலரை எட்டவே மாட்டார்கள். நோலீன் காலியான பிஸ்கட் டப்பா ஒன்றைக் கல்லா அருகே வைத்தார். அதன் மேல் எதுவும் எழுதவில்லை. அதிகம் இருப்பவர் போட்டார், இல்லாதவர் எடுத்தார். கடைக்கும் பங்குக்கும் சேர்த்து மேலாளராக இருந்த ஷெல்லி டன், கடைக் கல்லாக்களில் மக்கள் விட்டுப்போன சீட்டுகளை ஓர் உறையில் போட்டு வெள்ளிக்கிழமைதோறும் கொண்டுவந்து அந்த டப்பாவில் கொட்டுவார். ஒன்பது ஆண்டு இது பகிரங்கமாக நடந்தது.

டப்பாவை அதிகம் பயன்படுத்தியவர் கிளாரி பாஸ்கோ. வயது எழுபத்தெட்டு. மனைவி டாட்டிக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. வாரத்தில் மூன்று நாள் வாகா நகர மருத்துவமனைக்கு அழைத்துப்போய் ரத்தம் சுத்திகரிக்க வேண்டும். போக எழுபத்தொரு கிலோமீட்டர், வர எழுபத்தொன்று. அவர்கள் பேச்சை நான் வரிசையில் நின்று பலமுறை கேட்டிருக்கிறேன்.

"மூணாம் நம்பர் பம்பு. கிளாரி, வண்டிக்கு ஊத்துனீங்களா, தரைக்கு ஊத்துனீங்களா?"

"ரெண்டுக்கும் பங்கு வச்சேன் கண்ணு. கை நடுங்குது."

"டாட்டி எப்படி இருக்கா?"

"காலையிலயே சண்டை. கிட்னி போச்சு, நாக்கு போகல."

"சீட்டு இருக்கா?"

"எங்கேருந்து? ஒரு ரொட்டி, ஒரு பாலு, அரைக் கிலோ கொத்துக்கறி. முப்பது டாலருக்கு வாங்கணும்னா நான் இன்னொரு கல்யாணம் பண்ணணும்."

"வேணாம் சாமி. டாட்டி என்னைத்தான் வெட்டுவா." நோலீன் டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்துக் கருவியில் காட்டுவார். "எவனோ கோதுமைக்காரன் போட்டது. நன்றி சொல்லணும்னா மழை பெய்யணும்னு வேண்டிக்கோங்க."

கிளாரிக்கு இதனால் வாரத்துக்கு மிச்சமானது ஒரு டாலர் எண்பது காசு. ஒரு ரொட்டியின் விலை. இது ஒரு பெரிய காரியமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் அந்தக் கேள்வியைக் கம்பெனியிடம் கேட்கட்டும். அந்த ரொட்டியைத் தடுக்க சிட்னியிலிருந்து ஓர் ஆளை விமானத்தில் அனுப்பியது அவர்கள்தான்.

அந்த ஆளின் பெயர் டேமியன் ஃபென்விக். வயது முப்பத்து நாலு இருக்கும். கம்பெனிக்கு ஏற்படும் நஷ்டத்தைத் தடுப்பது அவருடைய உத்தியோகம். 2011 மார்ச் 22, செவ்வாய்க்கிழமை, காலை பத்தேகாலிலிருந்து பங்குக் கடையின் பால் அலமாரி அருகே நின்று இரண்டு மணி நேரம் பார்த்தார். அப்புறம் கல்லாவுக்கு வந்தார்.

"நோலீன், இந்த டப்பா யாரோடது?"

"பிஸ்கட் கம்பெனியோடது. பிஸ்கட்ட நாங்க தின்னுட்டோம்."

"உள்ள இருக்கிற சீட்டு?"

"ஊரோடது."

"சீட்டுக்குப் பின்னாடி என்ன போட்டிருக்குன்னு படிச்சிருக்கீங்களா? இன்னொருத்தருக்கு மாத்தித் தரக் கூடாதுன்னு போட்டிருக்கு."

"தம்பி, அந்த எழுத்தப் படிக்கக் கண்ணாடி பத்தாது. எறும்பக் கூட்டிட்டு வந்துதான் படிக்கச் சொல்லணும்."

ஃபென்விக் சிரிக்கவில்லை. டப்பாவை எடுத்து ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு முத்திரை வைத்தார். இரண்டு நாள் கழித்து, விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்று நோலீனுக்குச் சொல்லிவிட்டார்கள்.

ஊர் கொதித்தது. பெவ் மறுநாளே பெண்கள் சங்கக் கூடத்தில் கூட்டம் போட்டார். இங்கேதான் நாங்கள் ஒரு தவறு செய்தோம். எங்களைப் போன்றவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு.

"ஒளிச்சு வச்சாத்தானய்யா திருட்டு?" என்றார் பெவ். "நாமளே போய்ச் சொல்லிடுவோம். ஆமா, நான் போட்டேன். ஆமா, நான் எடுத்தேன். எல்லாரும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுப்போம். ஊரே எழுதிக் குடுத்தா அவன் மூஞ்சிய எங்க கொண்டுபோய் வைப்பான்?"

எல்லோரும் கை தட்டினார்கள். சத்தியப் பத்திரமாக எழுத வேண்டும் என்று முடிவாயிற்று. சத்தியப் பத்திரத்துக்குச் சாட்சிக் கையொப்பம் இடும் அதிகாரத்தை அரசு எனக்கு 1974-ல் கொடுத்தது. மூன்று சனிக்கிழமைகள் அந்தக் கூடத்தில் உட்கார்ந்தேன். "சில தடவை", "அப்பப்போ" என்றெல்லாம் எழுதினால் எடுபடாது, தேதியும் லிட்டரும் வேண்டும் என்று நான்தான் சொன்னேன். மக்கள் வீட்டுக்குப் போய்ப் பழைய ரசீதுகளைத் தேடி எடுத்து வந்தார்கள். ஒருவர் அன்று வண்டியில் தன் நாயும் இருந்ததாக எழுதியிருந்தார். அதை அடிக்க வைத்தேன். மொத்தம் 143 பத்திரங்கள். அவற்றில் சொல்லப்பட்ட தடவைகளைக் கூட்டி மேல்தாளில் எழுதினேன்: 611.

ஏப்ரல் 12, விசாரணை. கடைக்குப் பின்னால் கழிப்பறைக் காகித மூட்டைகள் அடுக்கிய அறை. ஃபென்விக், ஷெல்லி, குறிப்பெடுக்க ஒரு பெண். நோலீனுக்குத் துணையாக நான். துணைக்கு வருபவர் உட்காரலாம், பேசக் கூடாது என்பது விதி. நோலீன் பத்திரக் கட்டை மேஜையில் வைத்தார். வைத்தபோது அவர் முகத்தில் ஒரு பெருமை இருந்தது. அதைப் பார்த்தவன் நான்.

ஃபென்விக் பதினெட்டு நிமிடம் புரட்டினார்.

"எங்க வீடியோல ஒம்பது தடவைதான் இருந்தது, நோலீன். அதுவும் ரெண்டு தெளிவா இல்ல. இதுல அறுநூத்திப் பதினொண்ணு இருக்கு. தேதியோட, லிட்டரோட, சாட்சிக் கையெழுத்தோட. ரொம்ப நன்றி."

நோலீன் என்னைப் பார்த்தார். நான் பேசக் கூடாது. பேசலாம் என்றிருந்தாலும் என்ன பேசியிருப்பேன்? அந்த எண்ணைக் கூட்டிக் கொடுத்ததே நான்தான்.

அப்புறம் ஃபென்விக் ஷெல்லியைப் பார்த்துக் கேட்டார்: "கடை மேலாளருக்கு இந்த டப்பா விஷயம் தெரியுமா?"

ஷெல்லி மேஜையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "எனக்கு அப்படி எதுவும் தெரியாது."

"ஏய் ஷெல்லி," என்றார் நோலீன். "வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை கவர்ல போட்டுக் கொண்டாந்து கொட்டுனது யாரு, உன் ஆவியா?"

"நோலீன், தயவுசெஞ்சு இதோட சம்பந்தப்பட்டத மட்டும் பேசுங்க" என்றார் ஃபென்விக்.

"நான் வேற எதப் பத்தித் தம்பி பேசுறேன்?"

ஷெல்லிக்கு இரண்டு குழந்தைகள், வீட்டுக் கடன். அது எனக்குத் தெரியும். நோலீனுக்கும் வீடு இருந்தது, வயிறு இருந்தது. கணவர் கெவின் இறந்து ஐந்து ஆண்டாகியிருந்தது.

பிறகு வந்ததுதான் முதலில் சொன்ன கடிதம். "நாணயக் குறைவான நடத்தை" என்று அதில் இரண்டு இடத்தில் இருந்தது. வேலை போனதைவிட அந்தச் சொல்தான் அவரைக் கொன்றது. நாற்பத்தோரு ஆண்டாகக் கல்லாப் பெட்டியும் பம்பும் தவிர வேறு தொழில் தெரியாதவர். நெடுஞ்சாலை லாரி நிறுத்தத்தில் ஆள் எடுத்தார்கள். போய்க் கேட்டார். முதலாளி நல்லவர்தான். "முன்னாடி இருந்த இடத்துல ஏன் விட்டாங்க?" என்று கேட்டார். நோலீன் கடிதத்தைக் காட்டினார். மறைக்கத் தெரியாத ஊர் எங்கள் ஊர். "வருத்தமா இருக்கு நோலீன். எங்கிட்டயும் கல்லா இருக்கே" என்றார் அவர். மோட்டல், மதுக்கடை, குதிரைத் தீவனக் கடை எல்லாவற்றிலும் இதே பதில். ஐம்பத்தெட்டு வயதில், அந்தச் சொல் போகாமல், பணம் புழங்கும் எந்த இடத்திலும் அவருக்கு வேலை இல்லை.

கிளாரியின் கதையையும் சொல்லிவிடுகிறேன். டப்பா போன பிறகு அவர் முப்பது டாலரை எட்டுவதற்காகக் கடையில் நாய் பிஸ்கட் வாங்க ஆரம்பித்தார். அவரிடம் நாய் கிடையாது.

"பதினோரு டாலர் நாய் பிஸ்கட்டா?" என்று நான் கேட்டேன். "அதுக்குக் கெடைக்கிற தள்ளுபடி ஒண்ணே முக்கால் டாலர், கிளாரி."

"தெரியும்யா. ஆனா சீட்டில்லாம அங்க நின்னா என்னமோ பிச்சை கேக்க வந்தவன் மாதிரி இருக்கு. அந்தப் புதுப் பொண்ணு 'சீட்டு இருக்கா'ன்னு கேக்குறா பாரு, அப்ப."

கம்பெனி எதற்காகச் சீட்டைக் கண்டுபிடித்ததோ அது நடந்துவிட்டது. நாய் இல்லாதவன் நாய் பிஸ்கட் வாங்கினான். டப்பா அதைத் தடுத்துக்கொண்டிருந்தது. அவர்களுக்கு நஷ்டம் என்றால் இதுதான் நஷ்டம்.

நோலீன் வேலைத் தீர்ப்பாயத்தில் முறையிட்டார். ஜூன் 8, முதலில் தொலைபேசியில் சமரசப் பேச்சு. பெவ் வீட்டுச் சமையலறையில் ஒலிபெருக்கியைப் போட்டு மேஜை நடுவே வைத்திருந்தோம். நடுவர் ஒரு பெண்; பொறுமையாகப் பேசினார். கம்பெனியின் யோசனையைச் சொன்னார்: ஒன்பது வாரச் சம்பளம் தருவார்கள், நாணயக் குறைவாக நடந்ததை ஒப்புக்கொண்டு நோலீன் கையெழுத்திட வேண்டும்.

"அந்த ஒரு வார்த்தைய எடுத்துட்டா, சம்பளமே வேணாம், கையெழுத்துப் போடுறேன்" என்றார் நோலீன்.

பெவ் அவர் கையைப் பிடித்து இழுத்தார். "பைத்தியமா உனக்கு? சம்பளத்த ஏண்டி விடுற?"

தொலைபேசியில் ஃபென்விக்கின் குரல் வந்தது: "வார்த்தைய எடுக்க முடியாது. அது கம்பெனியோட நிலைப்பாடு."

"சரி தம்பி, ஒண்ணு சொல்லுங்க. சாமான் வாங்குனவருக்கு நீங்க சீட்டக் குடுத்துட்டீங்க. அது இப்ப யாரோடது?"

"அது... நிபந்தனைக்கு உட்பட்டு வாடிக்கையாளரோடது."

"அவர் அதக் குப்பையில போட்டா?"

"போடலாம்."

"பக்கத்து வீட்டுக்காரனுக்குக் குடுத்தா மட்டும் திருட்டு. குப்பையில போட்டா சரி. அப்படித்தானே?"

ஃபென்விக் மறுபடியும் நிபந்தனை என்று ஆரம்பித்தார். "நான் ஒங்க வார்த்தையில கையெழுத்துப் போட மாட்டேன்" என்று சொல்லி நோலீன் தானே இணைப்பைத் துண்டித்தார். பிறகு சிங்க்கில் கிடந்த பெவ்வின் பாத்திரங்களையெல்லாம் கழுவினார்.

முழு விசாரணை செப்டம்பர் 19-ம் 20-ம், வாகாவில். கம்பெனி மூன்று வழக்கறிஞர்களை அனுப்பியது. கிளாரி டாட்டியை மருத்துவமனையில் விட்டுவிட்டு வந்து சாட்சி சொன்னார். எங்கள் 143 பத்திரங்களும் மேஜையில் இருந்தன. இரண்டு தரப்பும் அவற்றைத்தான் புரட்டின.

தீர்ப்பு அக்டோபர் 27-ல் வந்தது. பத்தி 41 சொல்கிறது: ஓர் ஊரே வெளிப்படையாகச் செய்து, வெளிப்படையாகச் சத்தியமும் செய்த ஒன்றில் ஏமாற்றும் எண்ணத்தைக் காண இயலவில்லை, விண்ணப்பதாரர் விதியை மீறினார், ஆனால் நாணயக் குறைவாக நடக்கவில்லை. பத்தி 44 சொல்கிறது: ஆயினும் 611 மீறல்களுக்குப் பிறகு கம்பெனி அவர்மீது மீண்டும் நம்பிக்கை வைக்கும் என எதிர்பார்க்க முடியாது, வேலையைத் திருப்பித் தர உத்தரவிடவில்லை, ஆறு வாரச் சம்பளம் இழப்பீடு. ஒரே காகிதக் கட்டு அவர் பெயரைக் காப்பாற்றியது, அதே கட்டு அவர் வேலையை எடுத்துக்கொண்டது. அவரைத் திருடி ஆக்கிய ஃபென்விக்கை யாரும் எதுவும் கேட்கவில்லை. அவருக்குப் பதவி உயர்வு கிடைத்து மெல்போர்னுக்குப் போனதாகக் கேள்வி. கேள்விதான், உறுதி செய்ய முடியவில்லை.

அடுத்த நாள், வெள்ளிக்கிழமை, காலை பதினொன்று ஐந்துக்கு நோலீன் சூப்பர் மார்க்கெட்டுக்குப் போனார். பெவ்வும் நானும் கூடப் போனோம். ஆறு மாதத்துக்குப் பிறகு அவர் அங்கே கால் வைத்தது அன்றுதான். வாசலுக்கு உள்ளே ஊர் அறிவிப்புப் பலகை இருக்கிறது. காணாமல் போன நாய், விற்பனைக்கு வைக்கோல், புல் வெட்ட ஆள் என்று எவர் வேண்டுமானாலும் ஒட்டலாம். நோலீன் தீர்ப்பின் அந்தப் பக்கத்தை நடுவில் வைத்து நாலு மூலையிலும் ஊசி குத்தினார். பத்தி 41-க்கு அடியில் சிவப்பு மையில் கோடு போட்டிருந்தார். 44-ஐ மறைக்கவில்லை.

கல்லாப் பெண்களில் ஒருத்தி உள்ளே ஓடினாள். ஷெல்லி வந்தார்.

"நோலீன், இத இங்க போடக் கூடாது. மேலேருந்து கேப்பாங்க."

"ஊர்ப் பலகைதானே இது?"

"ஊர்ப் பலகைதான், ஆனா..."

"அப்ப படி. படிச்சுட்டுக் கிழிக்கணும்னா கிழி."

ஷெல்லி நின்று படித்தார். முழுப் பக்கத்தையும் படித்தார். எங்களுக்குப் பின்னால் தள்ளுவண்டியோடு நாலைந்து பேர் நின்றுவிட்டார்கள். யாரும் வழி கேட்கவில்லை. படித்து முடித்து ஷெல்லி மெதுவாகச் சொன்னார்: "அன்னிக்கு நான் சொல்லியிருக்கணும்."

"ஆமா," என்றார் நோலீன். "சொல்லியிருக்கணும்."

ஷெல்லி அந்தத் தாளைக் கிழிக்கவில்லை. நோலீன் வெளியே வந்து தன் வண்டியில் ஏறி, வாசற்படி தாண்டி இருந்த பங்கில் நிறுத்தாமல், முப்பத்தெட்டு கிலோமீட்டர் தள்ளியிருந்த லாரி நிறுத்தத்துக்குப் போனார். அதே பக்கத்தின் இன்னொரு பிரதி பக்கத்து இருக்கையில் இருந்தது. திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு வேலைக்கு வரச் சொன்னார்கள்.